குளத்துக்கு மூச்சூட்டும் வழிகள்: நீரூற்றா, சக்கரமா, குமிழியா?

வினாவும் அதன் வயதும்

தேங்கிய நீர் கெடும், ஓடும் நீர் தெளியும் என்னும் அனுபவ ஞானம் மிகப் பழையது. ஓடுவதற்கு வழியில்லாத குளத்து நீரை ஏதேனும் ஓர் உபாயத்தால் அசையச் செய்து அதன் உயிரைக் காக்க இயலுமா என்ற வினா அந்த ஞானத்திலிருந்தே பிறந்தது. இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் தன் கைக்கு எட்டிய சாதனத்தைக் கொண்டு விடை கூறி வந்திருக்கிறது. மொகலாயர் லாகூரிலும் காஷ்மீரத்திலும் அமைத்த ஷாலிமார் நந்தவனங்களில், மேட்டிலிருந்து இறங்கும் நீரின் சொந்த அழுத்தமே ஊற்றுகளாக எழுந்தது. மின்சார மோட்டார் பரவிய பின்னர், மேடு இல்லாத இடத்திலும் நீரை எழுப்புவது எளிதாயிற்று. 1914-இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரு ரசாயன அறிஞர்கள், கழிவுநீரில் காற்றை ஊதி அதிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே அதைச் சுத்திகரிக்கும் முறையை வெளியிட்டதும், நீரைக் காற்றுக்குக் கொண்டு போவதைவிடக் காற்றை நீருக்குள் கொண்டு போவதே மேல் என்ற அபிப்பிராயம் வலுப்பெற்றது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன் வளர்ப்பும் இறால் வளர்ப்பும் பெருந்தொழில்களாக உயர்ந்தபோது, துடுப்புச் சக்கரம் இவை இரண்டுக்கும் போட்டியாக வந்து சேர்ந்தது.

இன்று பண்ணைக் குட்டையில் மீன் விட்டிருக்கும் விவசாயியும், வளாகத்துக் குளத்தை அழகுபடுத்த விரும்பும் நிர்வாகியும், ஊர்ப் பொதுக்குளம் நாறுவது கண்டு வருந்தும் ஊராட்சி உறுப்பினரும் ஒரே கேள்வியோடு கடைக்குச் செல்கின்றனர்: எந்த யந்திரத்தை வாங்குவது? மூவருடைய குளங்களுக்கும் நோய் வெவ்வேறாக இருக்க, மருந்து மட்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் அரியர். அந்தக் குறையை ஓரளவேனும் நிரப்பும் நோக்கத்தோடு, இதுகாறும் கூறப்பட்ட முக்கிய விடைகளையும், அவை பிறந்த சூழலையும், அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் இக்கட்டுரை வரிசையாக ஆராய முற்படுகிறது.

நீரில் பிராணவாயு நிற்கும் விதம்

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. ஆனால் 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர், காற்றோடு எவ்வளவு நேரம் உறவாடினாலும், 7.6 மில்லிகிராமுக்கு மேல் அதை ஏற்றுக்கொள்வதில்லை. உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீரோ 14.6 மில்லிகிராம் வரை ஏற்கும். வெப்பம் ஏறஏற நீரின் கொள்திறன் குறைவதும், அதே வெப்பத்தால் மீன், பாசி, நுண்ணுயிர் ஆகியவற்றின் சுவாசம் பெருகுவதும் சேர்ந்து, வெப்ப நாட்டுக் குளத்தை இயல்பாகவே நெருக்கடிக்கு அருகில் வைத்திருக்கின்றன. பெரும்பாலான வளர்ப்பு மீன்களுக்கு 5 மில்லிகிராம் நிறைவானது. 3-க்குக் கீழ் இறங்கினால் அவை தீவனத்தை வெறுக்கத் தொடங்கும். ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த நிலை சில மணி நேரம் நீடித்தால் கட்லா, ரோகு போன்றவை பிழைப்பது அரிது. காற்றை நேரே சுவாசிக்கவல்ல விரால் போன்றவை மட்டுமே அந்நிலையைப் பொறுத்துக்கொள்ளும்.

இந்த அளவை நிச்சயமாக அறியும் வழியை ஹங்கேரிய ரசாயன அறிஞர் விங்க்ளர் 1888-இல் வகுத்தார். காற்றுக்குமிழ் புகாமல் குப்பியில் பிடித்த நீரில் மாங்கனீசு உப்பையும் காரத்தையும் இட்டால், பிராணவாயு உள்ள நீரில் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு திரளும். பிராணவாயு அறவே இல்லாத நீரில் அது வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலமும் அயோடைடும் சேர்த்து, மாவுக்கஞ்சியின் நீல நிறம் மறையும் வரை சொட்டுச்சொட்டாகத் தயோசல்பேட்டு விட்டு, செலவான சொட்டுகளிலிருந்து பிராணவாயுவின் அளவைக் கணக்கிடலாம். மின்முனைக் கருவிகளும் ஒளியுணர் கருவிகளும் வந்துவிட்ட இக்காலத்திலும், அவற்றின் சொல்லைச் சோதித்துப் பார்க்க இம்முறையையே நாடுகின்றனர்.

குளத்தில் பிராணவாயு நாள் முழுவதும் ஒரே அளவாக நிற்பதில்லை. பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கையால் அது பெருகி, பிற்பகலில் உச்சமடைகிறது. இரவில் பாசி உட்பட எல்லா உயிர்களும் அதைச் செலவிடுவதால், விடியலுக்குச் சற்று முன்னர் அது மிகவும் தாழ்கிறது. மேகமூட்டம் தொடர்ந்து சில நாள் நீடித்தால் பகல் வரவு சுருங்கி, இரவுச் செலவு மட்டும் குறையாமல் நிற்கிறது. அத்தகைய விடியற்காலையில்தான் மீன்கள் மேல்மட்டத்துக்கு ஏறி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, கரையோரமாகத் திரள்வதைக் காண்கிறோம்.

ஆழத்திலும் வேறுபாடு உண்டு. வெயிலால் சூடேறிய மேல்நீர் இலேசாக மிதக்க, குளிர்ந்த அடிநீர் கனத்துக் கிடக்க, இரண்டும் ஒன்றோடொன்று கலவாத அடுக்குகளாகின்றன. அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாகாணத்து ஏரிகளில் பர்ஜ், ஜூடே என்ற இருவர் செய்த ஆராய்ச்சி 1911-இல் வெளிவந்தபோது, அடியடுக்கில் பிராணவாயு தீர்ந்துபோகும் விதம் தெளிவாயிற்று. நம் போன்ற வெப்ப தேசத்தில் இது இன்னும் கூர்மையானது. 30-லிருந்து 29 டிகிரிக்கு நீர் குளிரும்போது அதன் அடர்த்தி கூடும் அளவு, 10-லிருந்து 9-க்குக் குளிரும்போது கூடுவதைப்போல் மூன்று மடங்குக்கு மேலாகும். ஆகையால் இரண்டு மீட்டர் ஆழமே உள்ள குளம்கூட, காற்றில்லாத வெயில் நாளில், மேலே செழிப்பும் கீழே வறட்சியுமாகப் பிரிந்து நிற்கக் கூடும்.

முதல் விடை: நீரை வானில் எறிதல்

நீரூற்றின் தர்க்கம் எளிமையானது. நீர் துளிகளாகச் சிதறும்போது அதன் மேற்பரப்பு பன்மடங்கு பெருகுகிறது; பெருகிய பரப்பின் வழியே காற்றிலுள்ள பிராணவாயு துளிக்குள் புகுகிறது. இதில் ஐயமில்லை. ஐயமெல்லாம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு பிராணவாயு கிட்டுகிறது என்பதைப் பற்றியதே.

இரண்டு மீட்டர் உயரம் எழுந்து விழும் துளி சுமார் 1.3 விநாடி காற்றில் தங்குகிறது. எட்டு மீட்டர் எழுந்து விழும் துளியோ 2.6 விநாடிதான் தங்குகிறது. உயரம் நான்கு மடங்காகும்போது தங்கும் நேரம் இரண்டு மடங்கே ஆகிறது. செலவாகும் சக்தியோ லிட்டருக்கு நான்கு மடங்காகிறது. அன்றியும், நீர் ஒரு முறை நிறைவுபெற்றபின் எவ்வளவு நேரம் காற்றில் இருந்தாலும் மேற்கொண்டு ஏற்பதற்கு ஒன்றுமில்லை. ஜினீவா நகரத்துப் பெரிய நீரூற்று 1886-இல் நீரழுத்த நிலையமொன்றின் மிகையழுத்தத்தை வெளியேற்றும் வாயாகப் பிறந்து, பின்னர் நகரத்தின் அலங்காரமாயிற்று. அது விநாடிக்கு 500 லிட்டர் நீரைச் சுமார் 1,000 கிலோவாட் சக்தியால் 140 மீட்டர் உயரத்துக்கு எறிகிறது. அந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் குறைவு இருந்ததாகவும், அக்குறைவு முழுவதும் வானத்திலேயே நிரம்பிவிட்டதாகவும் தாராளமாக வைத்துக்கொண்டாலும், மணிக்கு 9 கிலோ பிராணவாயுதான் கிடைக்கும். அதாவது ஒரு யூனிட்டுக்கு 9 கிராம். உயரமான ஊற்று கண்ணுக்கு விருந்தாகலாம். குளத்துக்கு மூச்சாவது அரிது என்பதற்கு இதைவிடச் சிறந்த கணக்கு வேண்டியதில்லை.

இதனால் ஊற்றே பயனற்றது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. தாழ்வாகவும் அகலமாகவும் மிகுந்த நீரைத் தள்ளும் வகை, உயர்ந்த மெல்லிய தாரையைவிடப் பலமடங்கு பிரயோஜனமுள்ளது. சிறு குளங்களில் அது மேற்பரப்புப் படலத்தை உடைக்கிறது; அசைவில்லாத நீரை விரும்பும் கொசுப்புழுவுக்கு இடையூறு செய்கிறது; காண்போர் மனத்துக்கு அளிக்கும் மகிழ்ச்சியும் ஒரு பயனே. ஆயினும், பெரும்பாலான மிதக்கும் ஊற்றுகள் மேல்நீரையே உறிஞ்சி மேல்நீரிலேயே கொட்டுவதால், நோய் குடிகொண்ட அடியடுக்கை அவை தொடுவதில்லை. கோடையில் ஆவியாதலும் காற்றில் சிதறுதலும் நீரிழப்பைக் கூட்டுகின்றன. சாக்கடை கலந்த குளத்தில் தெறிக்கும் நுண்திவலை சுற்றியிருப்போர் சுவாசத்தில் கலப்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. இடைவிடாத தெறிப்பை அல்லிக்கொடி விரும்புவதில்லை என்பதைத் தோட்டக்காரர் அறிவர்.

இரண்டாம் விடை: மேற்பரப்பைக் கலக்கும் சக்கரம்

துடுப்புச் சக்கரத்தின் பெருமை பண்ணையில் நிலைபெற்றது. அமெரிக்கத் தென்மாகாணங்களின் கெளுத்திப் பண்ணைகளில், நள்ளிரவில் மீன் திணறும்போது டிராக்டரின் சுழல்தண்டில் சக்கரத்தை மாட்டிக் கரையோரமாக ஓட்டும் அவசர உபாயமாக அது பயன்பட்டது. பிறகு மிதவைமேல் மின்மோட்டாரோடு நிலையாக அமர்ந்தது. தைவானில் உருவான ஒன்று, இரண்டு குதிரைத்திறன் சிறு சக்கரங்கள் ஆசிய இறால் பண்ணைகள் எங்கும் பரவின. 2009-இல் வனாமி இறாலுக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தபின், நம் கடலோர மாவட்டங்களிலும் ‘ஏரேட்டர்’ என்ற சொல்லுக்கே இந்தச் சக்கரம் என்று பொருளாகிவிட்டது.

அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கிளாட் பாய்டும் அவருடைய துணைவரும் 1980-களில் பல யந்திரங்களை ஒரே முறையில் சோதித்தனர். தொட்டி நீரிலிருந்த பிராணவாயுவைச் சல்பைட்டு உப்பால் முற்றிலும் நீக்கிவிட்டு, யந்திரத்தை ஓட்டி, அது திரும்ப ஏறும் வேகத்தை அளந்தனர். யூனிட் ஒன்றுக்குத் துடுப்புச் சக்கரம் சராசரியாக 2.2 கிலோ, காற்றை உறிஞ்சி நீருக்குள் தள்ளும் சுழலி 1.6, செங்குத்துப் பம்ப் 1.4, தெளிப்பான் 1.3, ஆழமற்ற நீரில் குமிழிடும் சாதனம் 0.9 என்ற வரிசை கிடைத்தது. பண்ணையாளர் சக்கரத்தைத் தேர்ந்ததற்கு விஞ்ஞான ஆதாரம் இவ்வாறு வாய்த்தது.

இந்த எண்களைக் குளத்துக்கு அப்படியே கொண்டுவருவது தவறு. அவை 20 டிகிரி வெப்பத்தில், பிராணவாயு சிறிதும் இல்லாத தூய நீரில் பெற்றவை. லூயிஸ், விட்மன் என்ற இருவர் 1924-இல் விளக்கியபடி, வாயு நீருக்குள் புகும் வேகம் நிறைவுநிலைக்கும் இருப்புக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. 30 டிகிரியில், 4 மில்லிகிராம் ஏற்கெனவே இருக்கும் குளத்தில், யூனிட்டுக்கு உத்தேசமாக ஒரு கிலோதான் எதிர்பார்க்கலாம். ஒரு ஏக்கர் பரப்பும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் சுமார் 6,000 கன மீட்டர் நீர் இருக்கும். அதில் பிராணவாயுவை ஒரே ஒரு மில்லிகிராம் உயர்த்த 6 கிலோ வேண்டும். மணிக்கு முக்கால் யூனிட் செலவிடும் ஒரு குதிரைத்திறன் சக்கரம், உயிர்களின் சுவாசச் செலவைக் கணக்கில் சேர்க்காமலே, எட்டு மணி நேரம் சுழன்றால்தான் அது கைகூடும். சக்கரம் முழுக் குளத்தையும் நிரப்புவதைவிட, மீன் வந்து தங்கி உயிர் பிழைக்கத்தக்க ஒரு புகலிடத்தைத் தன்னைச் சுற்றி உண்டாக்குகிறது என்று கொள்வதே பொருத்தம்.

மேலும், பிற்பகலில் பாசியால் நீர் நிறைவுக்கு மேல் பிராணவாயு கொண்டிருக்கும்போது சக்கரத்தை ஓட்டினால், மிகையானது வெளியேறிவிடும். மேல்நீரின் செல்வத்தை அடிக்கு இறக்க அதே நேரம் உகந்தது என்று சிலர் வாதிடுவதிலும் உண்மை உண்டு. அதற்குத் தெறிக்காமல் நீரை மெதுவாகச் சுழற்றும் சாதனம் வேண்டும். சத்தமும், கரை அரிப்பும், ஆழ்ந்த குளத்தின் அடியை எட்டாமையும் சக்கரத்தின் ஏனைய குறைகள்.

மூன்றாம் விடை: அடியிலிருந்து எழும் குமிழி

கரையில் ப்ளோயரோ கம்ப்ரசரோ இருக்க, குழாய் வழியே வந்த காற்று அடியிலுள்ள நுண்துளைத் தட்டுகளிலிருந்து குமிழிகளாக எழுவது மூன்றாம் முறை. ஆழமற்ற குளத்தில் குமிழி சில விநாடிகளில் மேலே வந்துவிடுவதால், அதிலுள்ள பிராணவாயுவில் சிறு பகுதியே நீரில் கரைகிறது. பாய்டின் பட்டியலில் அது கடைசியில் நின்றதற்குக் காரணம் இதுவே. நான்கைந்து மீட்டர் ஆழமுள்ள தொட்டிகளில் அதுவே திறமை மிக்கதாக மாறுகிறது. கழிவுநீர் நிலையங்கள் அதை விரும்புவதும் குட்டை வைத்திருப்போர் அதில் ஏமாற்றமடைவதும் முரண்பாடல்ல. ஆழமே இரண்டையும் தீர்மானிக்கிறது.

ஆனால் குமிழியின் மெய்யான தொண்டு வேறு. எழும் குமிழிக்கூட்டம் தன்னோடு அடிநீரையும் இழுத்து மேலே கொணர்கிறது. மேலே வந்த நீர் பரந்த மேற்பரப்பின் வழியே தானே காற்றை ஏற்றுக்கொள்கிறது. அடுக்குகளைக் கலைப்பதே நோக்கமாயின், குறைந்த சக்தியில் இதற்கு இணையான சாதனம் அரிது. நீருக்குள் மின்கம்பி செல்லாததால் ஆபத்தும் குறைவு.

கலக்குவதால் நீலப்பசும் பாசி ஒடுங்கும் என்ற கருத்துக்கு வலிய சான்று ஆம்ஸ்டர்டாம் அருகிலுள்ள நியூவே மேர் ஏரியிலிருந்து வந்தது. 1990-களில் அங்கே அடியிலிருந்து குமிழியிட்டுக் கலக்கியபோது, மிதக்கும் ஆற்றலால் மேலே குழுமி நச்சுப் படலமாக விரியும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பசும் பாசி தன் மேலாதிக்கத்தை இழந்தது. பச்சைப் பாசியும் டயாட்டமும் இடம்பெற்றன. ஆழத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட பாசி ஒளியின்றி மெலிவதே இதன் சூத்திரம். அந்த ஏரி முப்பது மீட்டர் அளவு ஆழமுடையது என்பதை மறந்துவிட்டு, ஒளி அடிவரை இறங்கும் இரண்டு மீட்டர் குட்டையிலும் அதே பலனை வாக்களிப்பது ஆதாரமற்றது. அங்கே பலமான குமிழி சேற்றைக் கிளறி, அடைபட்டிருந்த உரச்சத்தை மேலே அனுப்பவும் கூடும்.

நான்காம் விடை: அடிநீருக்கு மட்டும் பிராணவாயு

அடுக்குகளைக் கலைக்காமலே அடிநீருக்கு மட்டும் காற்றூட்டும் யோசனை, சுவிட்சர்லாந்தின் பிரே ஏரியில் மெர்சியே, பெரே என்ற இருவர் செய்த முயற்சியால் 1949-இல் செயல்வடிவம் பெற்றது. குளிர்ந்த நீரை நாடும் மீன்களுக்கு அது உதவும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, இங்கிலாந்து ஏரிகளில் மார்டிமர் 1941-42-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் செல்வாக்கு. அடிச்சேற்றின் மேல்தோலில் பிராணவாயு இருக்கும்வரை இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ், அது தீர்ந்ததும் விடுபட்டு நீரில் கலந்து பாசிக்கு உணவாகிறது என்பது அவர் காட்டிய உண்மை. அப்படியானால் அடியில் பிராணவாயுவை நிலைநிறுத்தினால் பாஸ்பரஸும் அடங்குமல்லவா என்ற நம்பிக்கை பரவியது.

இந்நம்பிக்கையைச் சுவிட்சர்லாந்தின் செம்பாக், பால்டெக் ஏரிகள் பெரிய அளவில் சோதித்தன. 1980-கள் முதல் பத்தாண்டுக்குமேல் அவற்றின் அடிநீருக்குப் பிராணவாயு செலுத்தப்பட்டது. அடியில் பிராணவாயு நின்றது; ஆனால் சேறு விடுவிக்கும் பாஸ்பரஸ் குறையவில்லை என்று கேஹ்டர், வேர்லி என்ற ஆய்வாளர் இருவர் 1998-இல் அறிவித்தனர். சேறு பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் ஆற்றல், அதில் ஆண்டுதோறும் வந்து படியும் பொருள்களின் அளவையும் இரும்பின் இருப்பையும் சார்ந்திருக்க, மேலிருந்து ஊட்டிய பிராணவாயு மட்டும் அதை மாற்றவில்லை என்பது அவர்கள் முடிவின் சாரம். இது இத்துறையில் மிக முக்கியமான எச்சரிக்கையாகும். அறிகுறி தணிந்ததைக் கொண்டு நோய் தீர்ந்தது என்று எண்ணலாகாது.

ஐந்தாம் விடை: யந்திரமே வேண்டாம் என்போர்

குளம் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் அதில் வந்து சேரும் அழுக்கும் உரமும் ஆகையால், அவற்றைத் தடுப்பதே முறை என்பது இவர்கள் கட்சி. கனடாவில் 1973-இல் ஒரு சோதனை ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, இரு பாதிக்கும் கரியும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பாதிக்கு மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தபோது, பாஸ்பரஸ் பெற்ற பாதி பாசியால் பச்சையாயிற்று; மற்றது தெளிவாகவே நின்றது. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாக வேறு திசைக்குத் திருப்பியதும், யந்திரம் எதுவுமின்றி அடுத்த பத்தாண்டுக்குள் அது தெளிந்தது. இவ்விரண்டும் அக்கட்சியின் வலிய சாட்சிகள்.

நம் முன்னோர் கோடையில் வற்றிய குளத்தில் தூர்வாரி வண்டலை வயலுக்கு ஏற்றியது, பிராணவாயு என்ற கருத்தை அறியாமலே இக்கொள்கையை அனுசரித்ததாகும். குளத்தில் மக்க வேண்டிய பொருள் வெளியேறியது, வயலுக்கும் உரமாயிற்று. ஆகாயத் தாமரை மூடிய குளத்தில் ஒளியும் காற்றும் புகாமல் நீர் மூச்சிழப்பதைக் காண்கிறோம். அங்கே அக்கொடியை அகற்றிக் கரையேற்றுவதே முதல் காற்றூட்டம்.

இக்கட்சிக்கும் எல்லை உண்டு. தீவனம் இட்டே தீரவேண்டிய மீன் பண்ணையில் வரவைத் தடுப்பது தொழிலையே நிறுத்துவதாகும். பல்லாண்டுச் சேறு கிடக்கும் ஏரி, வரவை நிறுத்திய பிறகும் நெடுங்காலம் தன் சேமிப்பிலிருந்தே பாசிக்கு உணவளிக்கும். அதுவரை மீன் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது.

அமைப்பும் பராமரிப்பும்

கொள்கை எதுவாயினும், யந்திரத்தை ஸ்தாபிக்கும் விதத்தில் அதன் பலன் பாதி அடங்கியிருக்கிறது. சக்கரத்தின் துடுப்பு நீரில் சுமார் பத்து சென்டிமீட்டர் ஆழம் புக வேண்டும். கூடுதலாக அமிழ்ந்தால் மோட்டார் சூடேறி எரியும். குறைந்தால் வெறும் தெறிப்பே மிஞ்சும். ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரங்களை நீர் ஒரே திசையில் சுழலுமாறு அமைத்தால், கழிவு குளத்தின் நடுவில் திரளும். கரைக்கு மிக அருகே வைத்தால் கரை அரிக்கும். மிதக்கும் ஊற்றின் உறிஞ்சுவாய் சேற்றுக்கு மேல் போதிய உயரத்தில் நிற்பதும், வலைக்கூடு பரந்ததாக இருப்பதும் அவசியம். கூடு சிறிதாயின் இலையும் பாசியும் ஒரே நாளில் அடைத்துவிடும்.

குமிழித் தட்டைச் சேற்றில் புதையவிடாமல், ஓரடி உயர்த்தி அமைப்பது நலம். கம்ப்ரசர் நீர்மட்டத்துக்கு மேலே, நிழலில், காற்றோட்டமுள்ள கூண்டில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றதும் நீர் குழாய்வழியே பின்னேறி யந்திரத்துக்குள் புகாமல் தடுக்க ஒருவழி வால்வு வேண்டும். வெளிவரும் காற்று சூடானதாகையால் முதல் சில அடிகளுக்கு உலோகக் குழாயே தகும். நெடுநாள் கலங்காத குளத்தில் முதல் நாளே முழுவேகத்தில் ஓட்டினால், அடியில் தேங்கிய மூச்சற்ற நீரும் கந்தக வாயுவும் ஒருசேர மேலெழுந்து, காப்பாற்ற வந்த யந்திரமே மீனைக் கொல்லும். முதல் நாள் அரைமணி, மறுநாள் ஒரு மணி என நாள்தோறும் இரட்டித்துச் செல்வது அனுபவஸ்தர் வகுத்த பாதுகாப்பான முறை.

மின்சார விஷயத்தில் சிக்கனம் கூடாது. நீரில் மிதக்கும் எந்த மோட்டாருக்கும் முறையான எர்த்தும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும், நீருக்கென்றே செய்த, இடையில் இணைப்பு இல்லாத கேபிளும் இன்றியமையாதவை. மின்னிணைப்பை முற்றிலும் துண்டிக்காமல் ஒருவரும் நீரில் இறங்கலாகாது. தேவை உச்சமாகும் விடியற்காலையிலேயே மின்தடையும் நேரக்கூடுமாதலால், நெருக்கமாக மீன் வளர்ப்போர் ஜெனரேட்டரை உபரி வசதியாகக் கருதலாகாது. சூரியசக்தி யந்திரம் செலவைக் குறைக்கும். ஆனால் பாட்டரி இல்லையேல், குளம் தன்னிறைவு பெற்றிருக்கும் பகலில் ஓடி, திணறும் இரவில் நின்றுவிடும்.

பராமரிப்பு அலட்சியமே பெரும்பாலான யந்திரங்களின் மரணத்துக்குக் காரணம். சக்கரத்தின் கியர் பாக்ஸில் எண்ணெயும் பேரிங்கும், ஊற்றின் தாரைவாயும் வலைக்கூடும், கம்ப்ரசரின் காற்று வடிகட்டியும் குறித்த காலத்தில் கவனிக்கப்பட வேண்டும். கடினநீரில் குமிழித் தட்டின் துளைகளைச் சுண்ணாம்புப் பொருக்கு மெல்லமெல்ல மூடும். கரையிலுள்ள அழுத்தமானி வழக்கத்தைவிட ஏறிக்காட்டுவதும், ஒருபுறம் குமிழி நின்று மறுபுறம் பெரிதாகக் கொப்பளிப்பதும் அதன் அடையாளங்கள். தட்டை வெளியே எடுத்து வினிகரில் ஊறவைத்து மெல்லிய தூரிகையால் துடைத்தால் பெரும்பாலும் மீளும். முள் கம்பியால் சுரண்டினால் துளை விரிந்து நிரந்தரமாகக் கெடும்.

தீராத வினாக்களும் மதிப்பீடும்

ஆழமற்ற வெப்ப நாட்டுக் குளங்களில் கலக்குதல் நீலப்பசும் பாசியை எவ்வளவு அடக்கும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. சான்றுகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு ஆழ்ந்த ஏரிகளுக்கு உரியது. காற்றூட்டுவதால் சேறு விரைந்து மக்கிக் குறையும் என்ற வணிக வாக்குறுதிக்கு ஓரளவு நியாயம் இருப்பினும், குறையும் அளவைப் பற்றிப் பொதுவிதி கூற இயலாது. மண்ணும் மணலுமான வண்டலை எந்தக் காற்றும் கரைக்காது. மிகநுண்ணிய குமிழிகள் நீரில் நாள்கணக்கில் நின்று அதிசயம் புரியும் என்று அண்மையில் கூறப்படுவனவற்றுள் எவை திறந்த குளத்தில் நிலைக்கும் என்பதும் ஆராயப்பட்டு வருகிறது. குமிழியிடுவது சேற்றிலிருந்து மீத்தேனை வெளியேற்றுகிறதா, அன்றி அது உண்டாவதையே தடுக்கிறதா என்பதில் இரு கூற்றுக்கும் இடமுண்டு.

நிச்சயமாகச் சொல்லத்தக்கவையும் உள. மீன் உயிரைக் காப்பது நோக்கமாயின், ஆழமற்ற குளத்துக்குச் சக்கரமே இன்றளவும் முதலிடம் பெறுகிறது. அடுக்கைக் கலைப்பது நோக்கமாயின், மூன்று மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் குமிழி தகும். அழகே நோக்கமாயின் ஊற்று போதும். அதைத் தாழ்வாகவும் அகலமாகவும் அமைத்தால் சிறிது பயனும் சேரும். சாக்கடை விழும் குளத்துக்கு யந்திரம் எதுவும் பரிகாரமாகாது. அது தற்காலிக ஆறுதலே. பொதுப்பணத்தில் ஊற்றை நிறுவிவிட்டுச் சாக்கடை வாயை அப்படியே விடுவது, குளத்துக்கும் ஊருக்கும் இழைக்கும் அநீதி என்றே கூற வேண்டும்.

ஆதலால் யந்திரம் வாங்க முற்படுவோருக்கு ஒரு வேண்டுகோள்: பணத்தை எடுப்பதற்கு முன், சில நாள் தொடர்ந்து, சூரியன் எழுவதற்கு முன்னரும் பிற்பகலிலும், குளத்தின் மேல்நீரிலும் அடிநீரிலும் பிராணவாயுவை அளந்து எழுதிவையுங்கள். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வகை, எத்தனை குதிரைத்திறன், எந்த இடம் என்று தீர்மானியுங்கள். யந்திரம் ஓடத் தொடங்கிய பின்னரும் அதே நேரங்களில் அளந்து பாருங்கள்.